ஒன்பது மாதப் பனிமூடிக்குக் கீழே ஒரு தூந்திரா ஏரி

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆர்க்டிக் தூந்திராவில் மழை குறைவு, ஆண்டில் எட்டொன்பது மாதம் உறைகுளிர். அங்கே எப்படி இத்தனை நன்னீர் ஏரிகள்? அவை அடிவரை உறைந்து போகாதா? உள்ளே மீன் எப்படிப் பிழைக்கிறது? பனிமூடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீரை எப்படி அளக்கிறார்கள்?

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஓர் ஏரியைக் கையில் எடுத்துக்கொண்டால் எல்லாம் துலங்கும். அலாஸ்காவில் புரூக்ஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் டூலிக் ஏரியை எடுத்துக்கொள்கிறேன். வட அட்சம் 68 டிகிரி 38 நிமிடம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 720 மீட்டர் உயரம். பரப்பு ஏறக்குறைய 1.5 சதுர கி.மீ.; மிக ஆழமான இடம் 25 மீட்டர், சராசரி ஆழம் 7 மீட்டர். எண்ணெய்க் குழாய்க்காகப் போட்ட டால்டன் நெடுஞ்சாலை வழியே ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து சுமார் 600 கி.மீ. போக வேண்டும். 1975 முதல் அங்கே ஆய்வு நடக்கிறது. கள நிலையத்தை அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகம் நடத்துகிறது. ஆர்க்டிக் ஏரிகளில் இவ்வளவு காலம் விடாமல் அளக்கப்பட்டவை மிகச் சில. இனுப்பியாக் மக்களின் மொழியில் மஞ்சள் அலகு கொண்ட லூன் பறவைக்கு வழங்கும் பெயரே ஏரிக்கும் வந்தது.

ஒரு சொல் விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழில் புல் நுனித் துளியும் பனி, வானத்திலிருந்து கொட்டுவதும் பனி, உறைந்த நீரும் பனி. இந்தப் பதிலில் வானத்திலிருந்து விழுவதை 'வெண்பனி' என்றும், ஏரி நீர் உறைந்து ஆவதைப் 'பனிக்கட்டி' என்றும் பிரித்தே எழுதுகிறேன். ஏரிக்கு இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. கலந்து பேசினால் எதுவும் புரியாது.

முதலில், ஏன் இத்தனை ஏரிகள். டூலிக்கில் மழையும் வெண்பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 300 மி.மீ. அளவுதான். கணக்குப்படி அது வறண்ட நிலம். ஆனால் காலை வைத்தால் சேறு. காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அங்கே நிலம் ஏறக்குறைய 200 மீட்டர் ஆழத்துக்கு ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. இதை நிரந்தர உறைமண் என்கிறோம். கோடையில் இளகுவது மேலே உள்ள 40, 50 செ.மீ. மட்டும். விழுந்த நீர் கீழே இறங்க வழியில்லை. குளிரில் ஆவியாகிப் போவதும் குறைவு. ஆகவே பள்ளம் கண்ட இடத்தில் தங்கிவிடுகிறது.

பள்ளம் எப்படி வந்தது என்பதில் இரண்டு வகை உண்டு. டூலிக் பனியாறு விட்டுப்போன குழி. பின்வாங்கிய பனியாற்றின் பெரிய கட்டிகள் சரளைக்குள் புதைந்து, பிறகு உருகி, அந்த இடம் அமிழ்ந்து ஏரியானது. அதனால்தான் கரை ஒழுங்கில்லாமலும், அடி மேடுபள்ளமாகவும், சில இடம் 25 மீட்டர் ஆழமாகவும் இருக்கிறது. இன்னும் வடக்கே கடலோரச் சமவெளியில் உள்ள ஆயிரக்கணக்கான ஏரிகளின் கதை வேறு. உறைமண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உருகி நிலம் அமிழ்ந்ததால் உண்டானவை அவை. பெரும்பாலும் இரண்டு மீட்டர் ஆழம்கூட இருக்காது. இந்த இரண்டு மீட்டர் என்ற அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூந்திரா ஏரியின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தி. இலையுதிர் காலத்தில் ஏரி முழுவதும் கலங்கிக் கலங்கி 4 டிகிரிக்கு வரும். அதற்கும் கீழே குளிரும் நீர் லேசானது, மேலேயே மிதக்கும். காற்று ஓய்ந்த ஓர் இரவில் அந்த மேலடுக்கு 0 டிகிரியைத் தொட்டு உறையும். டூலிக்கில் இது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் நடந்துவிடும். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த ஆண்டில் ஏரி உறைவதற்கு முன்பே மொத்தமும் 1 டிகிரி வரை குளிர்ந்துவிடும். சீக்கிரம் அமைதியான ஆண்டில் உள்ளே 2, 3 டிகிரியோடு மூடி விழும். இந்தச் சின்ன வித்தியாசம் அடுத்த ஜூன் வரை தொடரும்.

மூடி விழுந்தபின் பனிக்கட்டி கீழ்நோக்கி வளர்கிறது. ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். அந்த வெப்பம் ஏற்கெனவே உறைந்த தட்டைக் கடந்துதான் காற்றுக்குப் போக முடியும். தட்டு தடிக்கத் தடிக்க வழி நீள்கிறது, வளர்ச்சி மந்தமாகிறது. களத்தில் பயன்படும் கணக்கு எளிது: 0 டிகிரிக்குக் கீழே இருந்த ஒவ்வொரு நாளின் சராசரிக் குளிரையும் கூட்டுங்கள், வரும் தொகையின் வர்க்கமூலத்தை ஒரு கெழுவால் பெருக்குங்கள், தடிமன் செ.மீ.யில் கிடைக்கும். குளிர்நாள் தொகை 4000 என்று வைத்தால் வர்க்கமூலம் 63. வெண்பனியே இல்லாமல் எல்லாம் உகந்ததாக இருந்தால் கெழு சுமார் 3.5; 2.2 மீட்டர் வரும். காற்று வெண்பனியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ஏரிக்கு 2.7, 1.7 மீட்டர். ஓரளவு வெண்பனி தங்கும் ஏரிக்கு 2.4, 1.5 மீட்டர். ஆக வெண்பனி ஒரு கம்பளி. கம்பளி தடித்தால் பனிக்கட்டி மெலியும். குளிரை மட்டும் பார்த்துத் தடிமனை ஊகிக்கிறவர்கள் தவறுவது இங்கேதான்.

எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டரில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதைவிட ஆழமான ஏரி அடிவரை உறையாது. ஆழமில்லாத ஏரியில் பனிக்கட்டி தரையைத் தொட்டுவிடும். மீன் இருக்க முடியாது. ஆழமான ஏரிக்கு அடியில் நடப்பது இன்னும் அழகு. ஆண்டு முழுவதும் 0 டிகிரிக்கு மேலே இருக்கும் நீர், தனக்குக் கீழே உள்ள உறைமண்ணை மெல்ல இளக்கி, இளகிய மண்ணால் ஆன ஒரு கிண்ணத்தை உண்டாக்கி வைத்திருக்கும். ஆய்வாளர்கள் இதைத் தாலிக் என்கிறார்கள். எந்த ஏரி அடிவரை உறைந்தது, எதில் நீர் மிச்சம் என்று அறிய ஒவ்வொன்றிலும் துளைபோட வேண்டியதில்லை. செயற்கைக்கோளின் ரேடார் படத்தில் நீர்மேல் மிதக்கும் பனிக்கட்டி பளிச்சென்றும், தரைதட்டிய பனிக்கட்டி இருட்டாகவும் தெரியும். நீருக்கும் பனிக்கட்டிக்கும் இடையே உள்ள எல்லை ரேடார் அலையை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. உறைந்த மண் அப்படி அனுப்பாது.

அடுத்து, மீன். குளிர் மீனைக் கொல்வதில்லை. 1, 2 டிகிரி நீரில் அதன் உடல் இயக்கம் அடங்கி, சாப்பாடும் மூச்சும் குறைந்து, காத்திருக்கும். கொல்வது ஆக்சிஜன் தட்டுப்பாடு. 0 டிகிரி நீர் கடல்மட்டத்தில் லிட்டருக்கு 14.6 மி.கி. ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். டூலிக்கின் உயரத்தில் 13 மி.கி.க்குச் சற்று மேல். மூடி விழுந்த அன்று ஏரியிடம் இருப்பது அந்த இருப்பு மட்டும்தான். காற்றிலிருந்து இனி எதுவும் வராது. சூரியனும் கை கொடுக்காது. குளிர்கால நடுவில் சில வாரம் அது எழுவதே இல்லை. எழுந்த பிறகும், கண்ணாடிபோன்ற பனிக்கட்டி ஒளியை விடும் என்றாலும் அதன்மேல் படிந்த 20 செ.மீ. வெண்பனி பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

செலவோ நிற்காது. அடிச்சேற்றில் பாக்டீரியா கரிமப் பொருளை மக்கவைத்து ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். செலவு தரைப்பரப்பைப் பொறுத்தது, இருப்பு நீரின் கனஅளவைப் பொறுத்தது. எனவே ஆழமில்லாத ஏரிக்கு இரட்டை அடி. சராசரி 7 மீட்டர் உள்ள டூலிக்கில் 1.5 மீட்டர் பனிக்கட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி எடுத்துக்கொள்ளும். அதே தடிமன் 3 மீட்டர் குட்டையில் பாதியை எடுத்துவிடும். உறையும்போது உப்புகள் பனிக்கட்டிக்குள் போகாமல் கீழே தள்ளப்படுவதால், மிச்ச நீரில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாதத்தில் டூலிக்கின் மேல் நீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்; ஆழக் குழிகளின் அடியில் சொற்பமாகிவிடும். லேக் ட்ரௌட் போன்ற மீனுக்கு லிட்டருக்கு 4 மி.கி.க்குக் கீழே போனால் சிரமம் ஆரம்பம். அவை அடியைவிட்டு நடுநீருக்கு ஏறிக்கொள்ளும். ஏற இடம் இருப்பதே ஆழமான ஏரியின் பலம்.

இதை அளக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். குளிர்கால அளவீடுகளில் வரும் பிழைகளில் பல கருவியால் வருவதில்லை, துளை போடும் விதத்தால் வருகின்றன.

பனிக்கட்டியின்மேல் கால் வைக்கும் முன் தடிமன் தெரிய வேண்டும். தெளிந்த, கறுப்பாகத் தெரியும் பனிக்கட்டி 10 செ.மீ. இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம். பனிவண்டிக்கு 15 செ.மீ.யாவது வேண்டும். பால்நிறப் பனிக்கட்டி வெண்பனி நனைந்து உறைந்தது. காற்றுக் குமிழிகள் நிறைந்தது. வலு பாதிதான், ஆகவே இரட்டைத் தடிமன் கேட்க வேண்டும். ஓடை ஏரிக்குள் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் நடுக்குளிரிலும் நம்பத்தகாதவை.

துளைபோட 20 அல்லது 25 செ.மீ. விட்டமுள்ள ஆகர் என்னும் திருகுத் துளைப்பான் போதும். பனிக்கட்டி ஒன்றரை மீட்டர் இருக்கும் என்பதால் நீட்டுத்தண்டு கட்டாயம். ஆகரைச் சூடான கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். சூடான அலகில் வெண்பனி பட்டு உருகி, வெளியே வந்ததும் உறைந்து, அலகு பனிக்கட்டியைக் கடிக்காமல் வழுக்கும். அலகில் ஒட்டியதைத் தட்டி உதிர்க்கவும் கூடாது. முனை மழுங்கினால் 10 நிமிட வேலை 40 நிமிடமாகும். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவதும் ஆபத்து. −30 டிகிரியில் துளைக்குள் ஊறும் ஈரம் சில நிமிடத்தில் ஆகரைப் பூட்டிவிடும்; பிறகு பக்கத்தில் இன்னொரு துளை போட்டு மீட்க வேண்டிவரும்.

துளை விழுந்ததும் ஆகரை மேலே இழுக்கும்போது ஏரி நீரும் துருவலும் பொங்கி வரும். அப்போது மேலடுக்கு நீர் காற்றோடு கலந்துவிடுகிறது. உடனே ஆக்சிஜன் அளந்தால் முதல் ஒரு மீட்டரின் எண் பொய். துருவலைச் சல்லிக் கரண்டியால் அள்ளிவிட்டு அரைமணி நேரம் விட வேண்டும். அந்த நேரத்தில் மற்ற அளவுகளை எடுக்கலாம். துளைக்குச் சற்றுத் தள்ளி, மிதிபடாத ஐந்தாறு இடத்தில் வெண்பனி ஆழம். கொக்கி வளைத்த அளவுகோலைத் துளைக்குள் விட்டு அடிவிளிம்பில் மாட்டிப் பனிக்கட்டித் தடிமன். அதில் பால்நிறம் எவ்வளவு, கறுப்பு எவ்வளவு. துளையில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது.

கடைசி அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் நிறையச் சொல்லும். பனிக்கட்டியின் அடர்த்தி நீரில் 0.917 பங்கு. 150 செ.மீ. தட்டின்மேல் சுமையே இல்லையென்றால், நீர் மேல்விளிம்புக்கு 12 செ.மீ. கீழே நிற்கும். தட்டின் தாங்குதிறனும் அவ்வளவுதான். கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் அடர்த்தியுள்ள வெண்பனி 41 செ.மீ. ஏறினால் அந்த மிச்சம் தீர்ந்துவிடும். அதற்குமேல் தட்டு அமிழ்ந்து, வெடிப்பு வழியே நீர் மேலேறி, வெண்பனிக்கு அடியில் ஒளிந்த கூழாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பனிவண்டி அதில் இறங்கினால் பட்டை உறைந்து அங்கேயே நின்றுவிடும். துளை போட்டதும் நீர் விளிம்பைத் தாண்டிப் பொங்கினால் அந்த ஏரியில் வண்டி ஓட்டாதீர்கள்.

பிறகு ஆக்சிஜன் உணரி. ஒளியால் அளக்கும் வகை இப்போது பரவலாக இருக்கிறது. களத்திலேயே, அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் கொடுத்து, ஈரம் நிறைந்த காற்றில் அளவு திருத்த வேண்டும். கடல்மட்டத்து அழுத்தத்தோடு விட்டால் டூலிக்கில் எல்லா எண்ணும் 8 சதவீதம் தப்பு. உணரியை வெறுங்காற்றில் காட்டினால் முகத்தில் மெல்லிய பனித்தோல் படிந்துவிடும். நீருக்குள் போனபின்னும் அது கொஞ்ச நேரம் கரையாது. அதுவரை வரும் எண்கள் கற்பனை. காப்புப் பெட்டியில், ஏரி நீர் நிரப்பிய வாளியில் வைத்துக் கொண்டுபோய், வாளியிலிருந்து நேரே துளைக்குள் இறக்க வேண்டும். ஆழத்தை நீர்மட்டத்திலிருந்து எண்ண வேண்டும், பனிக்கட்டியின் மேல்விளிம்பிலிருந்து அல்ல. இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணினால் ஒரே ஏரியின் இரு ஆண்டு வரைபடங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒவ்வொரு மீட்டரிலும் எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். குளிர்நீரில் உணரி மெதுவாகத்தான் பதில் சொல்லும். அடிக்கு அரை மீட்டர் முன்பே நிறுத்துங்கள். சேற்றில் குத்தினால் எண் பூஜ்யத்துக்கு விழும். கிளறிய சேறு அன்று முழுவதும் அந்தத் துளையைக் கெடுத்துவிடும்.

நீர் மாதிரிக்கு இரு பக்கமும் திறந்த குழாய்போன்ற வான் டோர்ன் சாடியைக் கயிற்றில் இறக்கி, கயிற்றோடு ஓர் எடையை நழுவவிட்டு, வேண்டிய ஆழத்தில் மூடச் செய்வார்கள். மேலே வந்ததும் முதலில் வாயுவுக்கான குப்பி. குழாயைக் குப்பியின் அடிவரை விட்டு, சலசலப்பில்லாமல் நிரப்பி, வழியவிட்டு மூட வேண்டும். ஆனால் உறைந்தால் நீர் 9 சதவீதம் விரியும். விளிம்புவரை நிரம்பிய கண்ணாடிக் குப்பி வெடித்துவிடும். ஆகவே வெந்நீர்ப் புட்டியோடு காப்புப் பெட்டி, உடனே கூடாரம்.

இதில் எல்லாவற்றையும்விட நுட்பமானது பாஸ்பரஸ் அளவீடு. டூலிக் நீரில் கரைந்த பாஸ்பேட் லிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராம். பல நேரம் அதற்கும் கீழே. இந்த அளவில், குப்பியின் உள்வாயை விரல் தொட்டால் வியர்வையே முடிவை மாற்றிவிடும். பாஸ்பேட் கலந்த சோப்பால் ஒருமுறை கழுவிய குப்பி, பல முறை அலசியும் பொய் சொல்லும். எனவே 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த வடிநீரில் அலசி, ஏரி நீராலேயே மூன்று முறை கழுவிய பிறகே மாதிரி நிரப்புகிறார்கள். வடிநீரை மட்டும் நிரப்பிய ஒப்பீட்டுக் குப்பி ஒன்றும் எப்போதும் கூடவே போகும். அதில் பாஸ்பரஸ் தென்பட்டால் அன்றைய எல்லா எண்ணையும் தள்ளிவிட வேண்டும்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், ஏரியின் உயிர் அந்த ஓரிரு மைக்ரோகிராமில் தொங்குகிறது. டூலிக் தெளிந்து கிடப்பதற்குக் காரணம் பட்டினி. பாஸ்பரஸும் நைட்ரஜனும் உறைமண்ணுக்குள் பூட்டியிருக்கின்றன. இளகும் மேல்மண்ணில் உள்ளதை மாஸ் என்னும் பாசிச்செடியும் பஞ்சுப்புல்லும் குட்டைப் பிர்ச் செடியும் தங்களுக்குள்ளேயே சுற்றவிட்டுக்கொள்கின்றன. ஏரிக்கு வந்து சேர்வது கசிவு. இதைச் சோதிக்க 1983-ல் பக்கத்திலுள்ள குபாருக் ஆற்றில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பாஸ்பரஸை லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் கூட்ட ஆரம்பித்தார்கள். முதல் ஆண்டுகளில் கல்மேல் படரும் நுண்பாசி பெருகியது, பூச்சிகள் பெருகின, கிரேலிங் மீன் கொழுத்தது. ஏழெட்டு ஆண்டு கழித்து யாரும் எதிர்பாராத திருப்பம்: ஆற்றின் அடி முழுவதும் மாஸ் செடி பரவி, பூச்சிகளின் கூட்டமே மாறிப்போனது. மூன்று நான்கு ஆண்டில் சோதனையை முடித்திருந்தால் தவறான முடிவோடு ஊர் திரும்பியிருப்பார்கள். தூந்திராவில் குறுகிய கால ஆய்வை நம்பி எதையும் அடித்துச் சொல்லக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஆறே போதும்.

உரம் சேர்ந்தால் ஏரி என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு கசப்பான சான்று உண்டு. கார்ன்வாலிஸ் தீவில், ரெசல்யூட் ஊருக்கு அருகே சார் ஏரியும் மெரெட்டா ஏரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சார் ஏரி 74 டிகிரிக்கும் வடக்கே. ஆண்டில் பத்து மாதம் மூடிக்குக் கீழே. இருப்பது ஒரே ஒரு மீன் இனம், ஆர்க்டிக் சார். 1960-களின் கடைசியில் தொடங்கிய சர்வதேச உயிரியல் திட்டத்தில் அதை நுணுகி அளந்தபோது, உயிருற்பத்தியில் பெரும்பங்கு மிதக்கும் நுண்பாசியில் இல்லை, ஏரியடியில் வளரும் மாஸில்தான் என்று தெரிந்தது. மெரெட்டாவுக்கோ விமானத் தளக் குடியிருப்பின் கழிவுநீர் பல பத்தாண்டுகள் போய்க்கொண்டிருந்தது. ஒரே பாறை, ஒரே வானிலை, ஒரே குளிர் இருந்தும் மெரெட்டாவில் நுண்பாசி பெருகியது, பனிமூடிக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்தது.

டூலிக்கின் பனி விலகும் காலத்துக்கு வருகிறேன். மே மாத நடுவில் நிலத்தின் வெண்பனி உருக ஆரம்பிக்கும். ஏரி அப்போதும் மூடியே கிடக்கும். உருகுநீர் ஓடை வழியே பாய்ந்து வந்து, 0 டிகிரியை ஒட்டியிருப்பதால் லேசாகவே இருந்து, பனிக்கட்டிக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய அடுக்காகப் பரவி, அடி நீரோடு கலக்காமலே மறுபக்கம் வெளியேறிவிடும். ஆண்டின் மிகச் சத்தான நீர் அது. தேயிலை நிறத்தில், மண்ணின் கரிமப் பொருளைச் சுமந்து வருவது. அதன் பெரும்பகுதியை ஏரி தொட்டுப் பார்ப்பதற்குள் இழந்துவிடுகிறது.

ஜூனில் முதலில் கரையோரம் இளகி, நடுத் தட்டைச் சுற்றி நீர்வளையம் உண்டாகும். வெயில் பனிக்கட்டியின் படிகங்களுக்கு இடையே உள்ள எல்லைகளை உருக்கிவிடுவதால், தட்டு முழுவதும் நெருக்கி நிறுத்திய மெழுகுவத்திகள்போலச் செங்குத்துக் குச்சிகளாகப் பிரியும். கையில் ஒரு துண்டை எடுத்து அழுத்தினால் விரல்நீளக் குச்சிகளாகச் சிதறும். காற்றில் தட்டு கரையோடு உரசும்போது கண்ணாடி வளையல் குலுங்குவதுபோல ஓசை வரும். இந்த நிலையில் தடிமன் அரை மீட்டர் இருந்தாலும் ஓர் ஆளைத் தாங்காது. தடிமன் எண்ணை மட்டும் பார்த்து ஜூனில் பனிக்கட்டிமேல் நடக்கவே கூடாது. மாதத்தின் நடுவிலோ கடைசியிலோ ஒரு பலத்த காற்றில் ஓரிரு நாளில் மொத்தமும் போய்விடும்.

அதன் பின் வரும் ஒரு வாரம் முக்கியமானது. காற்று அடித்தால் ஏரி மேலும் கீழும் கலந்து அடி நீருக்குப் புது ஆக்சிஜன் இறங்கும். காற்றில்லாமல் வெயில் மட்டும் காய்ந்தால், சூரியன் மறையாத அந்த நாட்களில் மேல்நீர் மளமளவென்று சூடேறி, லேசாகி, அடிநீரைப் பூட்டிவிடும். அப்படிப்பட்ட ஆண்டில் குளிர்காலத்து ஆக்சிஜன் பற்றாக்குறையோடு அடிநீர் செப்டம்பர் வரை கிடக்கும். அடிச்சேற்றில் உள்ள இரும்பு, ஆக்சிஜன் இருக்கும்வரை பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும்; ஆக்சிஜன் தீர்ந்தால் பிடியை விட்டுவிடும்.

மீனினம் டூலிக்கில் ஐந்து: லேக் ட்ரௌட், ஆர்க்டிக் கிரேலிங், உருண்டை வெண்மீன், பர்பாட், ஏரியடியில் பதுங்கும் சிறிய ஸ்கல்பின். லேக் ட்ரௌட் செப்டம்பரில் கூழாங்கல் திட்டுகளில் முட்டையிடும். முட்டை குளிர் முழுவதும் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்து வசந்தத்தில் பொரியும். முட்டையிட்ட திட்டு பனிக்கட்டி இறங்கும் ஆழத்துக்கு மேலே இருந்தால் அந்த ஆண்டுக் குஞ்சு இல்லை. வளர்ச்சி மிக மெதுவு. மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லின் ஆண்டு வளையத்தை எண்ணிப் பார்த்ததில் 40 ஆண்டைத் தாண்டிய மீன்கள் இப்பகுதி ஏரிகளில் உண்டு. ஆகவே தூண்டிலில் பெரிய மீன் ஒன்றை எடுத்தால் அந்த இடம் நிரம்பப் பல பத்தாண்டு ஆகும்.

நிலம் சூடேறும்போது இந்த ஏற்பாடு எங்கே பிசகும் என்றால், மறுபடியும் சுற்றியுள்ள மண்ணில்தான். உறைமண்ணைக் காப்பது அதன்மேல் உள்ள மாஸ் மெத்தை. பூட்ஸ் காலோடு ஒரே தடத்தில் சில வாரம் நடந்தாலே மெத்தை நசுங்கி, அடியில் மண் இளகி, தடம் நீர்ச்சாலாகிவிடும். அதனால்தான் டூலிக்கில் ஆய்வு நிலங்களுக்குள் பலகைப் பாதை போட்டு அதன்மேல் மட்டும் நடக்கிறார்கள். நெருப்பு இதையே பெரிய அளவில் செய்கிறது. 2007-ல் டூலிக்கிற்கு வடமேற்கே அனக்துவுக் ஆற்றுப் பகுதியில் மின்னலால் பிடித்த தீ சுமார் 1,000 சதுர கி.மீ. தூந்திராவை எரித்தது. மெத்தை போன சரிவுகளில் உறைமண் உருகி மண் சரிந்தது. அப்படிச் சரியும் மண் ஏரிக்கு வந்தால் ஒரே பருவத்தில் நீர் கலங்கி, பூட்டியிருந்த சத்தும் பழைய கரிமமும் நீருக்குள் இறங்கும். அந்தக் கரிமத்தின் ஒரு பகுதி ஏரி வழியாகவே காற்றுக்குப் போகிறது. டூலிக் பகுதி ஏரிகளில் பெரும்பாலானவை காற்றோடு சமநிலையில் இருப்பதைவிட அதிக கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்திருந்து வெளியே விடுகின்றன என்று 1991-லேயே அளந்து காட்டினார்கள். நிலத்தில் மக்கியது தண்ணீரில் ஏறி வெளியேறுகிறது.

இன்னும் வடக்கே எல்ஸ்மியர் தீவில் உள்ள ஹேசன் ஏரி, 267 மீட்டர் ஆழமானது, பனியாறுகளிடமிருந்து நீர் பெறுகிறது. அங்கே கோடை சூடேறியதும் பனியாற்று உருகுநீர் பல மடங்காகி, வண்டலோடு ஏரிக்குள் இறங்குகிறது. டூலிக்கில் பனியாறு இல்லை. அங்கே கவலை ஓடைகளைப் பற்றியது. குபாருக்கின் கிரேலிங் மீன்கள் கோடையை ஆற்றில் கழித்துவிட்டு, ஆறு அடிவரை உறையும் முன் ஆகஸ்ட், செப்டம்பரில் மேலேறி, தலைப்பகுதியில் உள்ள ஆழமான ஏரிக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். மழை பொய்த்த கோடையில் ஆற்றின் சில பகுதிகளில் நீர் கூழாங்கல்லுக்கு அடியில் மறைந்துவிடும். அப்போது மீன்கள் வறண்ட கல்லுக்கு இந்தப் பக்கம் சிறு மடுக்களில் கூடி, நீரோட்டம் வந்த திசையைப் பார்த்தபடி நிற்கும். உறைவதற்குள் ஒரு நல்ல மழை பெய்தால் ஏரிக்குப் போய்ச் சேரும்.